சேர்வராயன் மலையடிவாரத்தில் நட்சத்திர ஆமையைத் தேடிக் காண்பது எப்படி?

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மலையுச்சியை அடைந்த பிறகே விலங்குகளைத் தேடத் தொடங்குகிறார்கள். நட்சத்திர ஆமையைக் காண விரும்புபவர் மலை ஏறவே வேண்டியதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்கள் நிழல் பரப்பும் குளிர்ந்த பகுதி அதற்கு ஏற்றதன்று. வெயில் நன்றாக விழும் அடிவாரத்து முட்புதர்களும், புல் மண்டிய மேட்டுக்காடுகளும், கிளுவை வேலியிட்ட மானாவாரி நிலங்களின் ஓரங்களுமே அது விரும்பும் இடங்கள்.

1. ஆமைகளை வேறுபடுத்தி அறியுங்கள்

நட்சத்திர ஆமையின் ஓடு குவிந்து உயர்ந்திருக்கும். கருநிறத் தகடு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் பொட்டும், அதிலிருந்து நாற்புறமும் பிரியும் மஞ்சள் கோடுகளும் காணப்படும். கால்கள் யானையின் கால்களைப் போலத் தடித்திருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு இராது. ஏரிகளிலும் கிணறுகளிலும் வாழும் காராமைக்குக் கரிய ஓட்டின்மேல் நீளவாக்கில் வரப்புப் போல மேடான மூன்று கோடுகள் உண்டு. பாலாமையின் ஓட்டைத் தோல் மூடியிருக்கும். இவ்விரண்டுக்கும் விரலிடைச் சவ்வு உண்டு.

இந்த வேறுபாட்டைக் கற்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. ஆமை என்றாலே நீரில் வாழ்வது என்று எண்ணி, வழியில் கண்ட நட்சத்திர ஆமையை நல்லெண்ணத்தோடு கிணற்றிலோ கோயில் குளத்திலோ விடுபவர்கள் உண்டு. அது தரைவாழ் ஆமை. ஆழமான நீரில் விட்டால் மூழ்கி இறந்துவிடும்.

2. பருவத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

சேலம் வட்டாரத்தில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலமே சிறந்தது. மழை பெய்து புல் துளிர்த்தபின் ஆமைகள் மேய்ச்சலுக்கும் இணை தேடியும் அதிகமாக நடமாடும். மேகமூட்டமான நாளில் நண்பகலில்கூட வெளியே வரும். கோடையில் அதிகாலையும் மாலையும் தவிர மற்ற நேரங்களில் புதருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும் என்பதால், அப்போது தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சலாகவே முடியும்.

3. செல்லத் தகுந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள்

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. கிராமத்துப் பொதுப்பாதைகள், ஏரிக்கரைகள், உரிமையாளர் சம்மதித்த தோட்டங்களின் வேலியோரங்கள் ஆகியவையே தொடக்கநிலையினருக்குப் போதுமானவை. ஆடு மேய்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த மேட்டில் எந்த மாதத்தில் ஆமை திரியும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

4. மெதுவாக நடந்து, புதரின் அடிப்பகுதியைப் பாருங்கள்

புதியவர்கள் வெட்டவெளியையே பார்த்துக்கொண்டு நடப்பதால் ஆமையைத் தவறவிடுகிறார்கள். ஓட்டின் மஞ்சள் கோடுகள் படத்தில் பளிச்சென்று தெரிந்தாலும், காய்ந்த புல்லுக்கிடையே ஒளியும் நிழலும் விழும்போது அவை ஆமையின் உருவத்தையே கலைத்துவிடுகின்றன. ஆகவே கோடுகளைத் தேடாமல், சருகுகளுக்கு நடுவே பொருந்தாமல் தெரியும் வழவழப்பான வளைவைத் தேடுங்கள். பத்தடி நடந்து, நின்று, சூரை, காரை, சப்பாத்திக்கள்ளி போன்ற முட்செடிகளின் அடியில் நிதானமாகப் பார்வையைச் செலுத்தி, பிறகு அடுத்த பத்தடி நடப்பது நல்ல முறை.

காதையும் பயன்படுத்த வேண்டும். ஓணான் ஓடினால் சருகு சட்டெனச் சலசலத்து உடனே அடங்கிவிடும். ஆமை நடக்கும்போது அந்த ஒலி விட்டுவிட்டு, ஒரே சீராக நீடிக்கும். மழைக்குப் பிந்தைய ஈர மண்ணில் இரண்டு இணையான வரிசைகளாகக் கால்தடங்கள் பதிந்திருக்கும். புல் நார்கள் நிறைந்த எச்சமும், கடித்து விடப்பட்ட கள்ளிப் பழமும் கண்டால் அந்த இடத்தில் சற்றுக் காத்திருக்கலாம்.

பைனாக்குலர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தத் தேடலில் அது பெரும்பாலும் கழுத்துக்குச் சுமைதான். முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் அவசியம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இதே புதர்களில் இருப்பதால், எக்காரணம் கொண்டும் புதருக்குள் கையை விடாதீர்கள்.

5. கண்டபின் தொடாதீர்கள்

சில அடி தள்ளி அசையாமல் அமர்ந்தால், உள்ளிழுத்த தலையை ஆமை சிறிது நேரத்தில் மீண்டும் நீட்டும். அதைத் தூக்கினால் அச்சத்தில் உடலில் சேமித்து வைத்திருக்கும் நீரை வெளியேற்றிவிடும். வறண்ட காலத்தில் அந்த இழப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடும் நிலை இருந்தால் மட்டும், இரு கைகளாலும் தரையை ஒட்டியே எடுத்து, அது சென்றுகொண்டிருந்த திசையிலேயே மறுபுறம் விடுங்கள். ஆணைவிடப் பெண் பெரியது. ஆணின் வால் நீளமானது. இவற்றை எட்ட நின்றே கவனிக்கலாம்.

6. குறிப்பெடுங்கள், இடத்தை வெளியிடாதீர்கள்

நாள், நேரம், வானிலை, அருகிலிருந்த செடி, ஆமை செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பகிர்வதற்கு முன் அதில் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். வளர்ப்புக்காகக் கடத்தப்படும் ஆமைகளில் நட்சத்திர ஆமை முதன்மையானது என்பதாலேயே, 2019இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, இதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும்.

யாரேனும் வளர்த்துவந்த ஆமை உங்களிடம் வந்து சேர்ந்தால், அதை நீங்களாகவே காட்டில் விட வேண்டாம். அது எந்தப் பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டது, நோய் ஏதும் கொண்டிருக்கிறதா என்பவை தெரியாமல் விட்டால், அங்கே ஏற்கெனவே வாழும் ஆமைகளுக்கும் தீங்கு நேரக்கூடும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் அதை ஒப்படையுங்கள்.