பூம் லிஃப்ட், சிசர் லிஃப்ட்: மேலே ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

உயரத்தில் வேலை செய்ய ஆளைக் கூடையில் தூக்கும் மெஷின்கள் இவை: பூம் லிஃப்டில் நீளும் கை (பூம்) தூக்கும், சிசர் லிஃப்டில் கத்தரி போல மடியும் சட்டம் நேராக மேலே தூக்கும். பூம் லிஃப்ட் சாய்ந்துவிட்டது என்றால் எல்லோரும் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். சக்கரத்துக்கு அடியில் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு சின்னக் கணக்கு: இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்குகிறது. 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடை ஏறக்குறைய 1 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். கீழே நிற்பவருக்கு அது ஒரு குலுக்கல். மேலே நிற்பவரைக் கூடையிலிருந்து வெளியே வீச அது போதும்.

அதனால் வண்டி நிற்கப்போகும் இடத்தை மட்டும் பார்த்தால் பற்றாது, அது போகும் வழி முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். கேபிள் குழி மூடி, புதிதாகத் தோண்டி மூடிய மண், தண்ணீர் தேங்கிய இடம், நிலத்தடித் தொட்டியின் மேல்தளம் எல்லாமே ஆபத்தானவை. கான்கிரீட் தானே என்று நம்பிவிடாதீர்கள். பூமை நீட்டித் திருப்பும்போது எடை நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்காது. பெரும்பகுதி ஒரே சக்கரத்தில் வந்து விழும். சிசர் லிஃப்ட் எழும்பும்போது அடியில் இரு பக்கமும் தகடுகள் இறங்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி கவிழாமல் தாங்குவது அவைதான். அங்கே கல்லோ சிமென்ட் கட்டியோ சிக்கியிருந்தால் வேலை தொடங்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும். சாய்வு அலாரம் அடித்தால் உடனே கூடையை இறக்கிவிடுங்கள். "சென்சார் கோளாறு" என்று வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்வது கொடுமையான பழக்கம்.

எடையில் நடக்கும் தவறு பெரும்பாலும் இறங்கும்போதுதான். கூடையின் எடை வரம்புத் தகட்டில் 230 கிலோ, 2 பேர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 80 என்றால் 160 போய்விட்டது. மீதி 70 கிலோவுக்குள் கருவிகள், கேபிள், பொருட்கள் எல்லாம் அடங்க வேண்டும். ஏறும்போது சரியாக இருக்கும். மேலே கழற்றிய பழைய பைப்பைக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கும்போது அளவு தாண்டிவிடும்.

காற்றையும் கூடை உயரத்தில்தான் அளக்க வேண்டும். வெளிவேலைக்கான மெஷின்களுக்குப் பொதுவான வரம்பு விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. சில சிசர் லிஃப்டுகளைக் கட்டடத்துக்குள்ளே மட்டுமே பயன்படுத்தலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கூடையில் தார்ப்பாயோ பேனரோ கட்டினால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) போட்டிருந்தும் உயிர் போவது ஏன்? ஹூக்கை மாட்டும் இடமும், ஹார்னஸை ஹூக்கோடு இணைக்கும் கயிறான லேன்யார்டின் நீளமும்தான் பெரும்பாலும் காரணம். கூடைக்குள் இதற்கென்றே வளையம் இருக்கும். அதில் மட்டுமே மாட்ட வேண்டும். கைப்பிடிக் கம்பி இழுவிசையைத் தாங்குவதற்குச் செய்ததல்ல. பக்கத்துக் கட்டடத்தின் பீமில் மாட்டுவது இன்னும் மோசம்: கூடை நகர்ந்தால் ஆளை இழுத்துவிடும். 1.8 மீட்டர் லேன்யார்டு, விழும்போது அதிர்ச்சித் தாங்கி விரியும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால் விழுபவர் நிற்க 5 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். பூம் லிஃப்டில் நீளத்தைக் குறைத்து, கம்பியைத் தாண்டி வெளியே போகவே முடியாதபடி கட்டுவதுதான் சரி. வண்டி அசையும் முன்பே ஹூக் மாட்டியிருக்க வேண்டும். தரையில் ஓட்டும்போது ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் கூடை ஆளைத் தூக்கி எறியும். நடுக்கம்பியில் கால் வைத்து எட்டுவதும், கூடைக்குள் ஏணி போடுவதும் கூடவே கூடாது.

கால் பெடலில் கல்லை வைத்து அமுக்கிவிடுவதைச் சிலர் வசதி என்று நினைக்கிறார்கள். பெடலிலிருந்து கால் எடுத்தால் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. மேலே பார்க்காமல் தூக்கும்போது ஆளின் முதுகு பீமில் முட்டும், நெஞ்சு ஜாய்ஸ்டிக் மேல் சாயும். பெடல் அமுங்கியே இருந்தால் கூடை நிற்காமல் அவரை நசுக்கிக்கொண்டே போகும்.

மின்கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். முதலில் லைனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.

மிகவும் கவனிக்காமல் விடுவது, கீழே நிற்கும் ஆளை. கூடையைக் கீழிருந்தே இயக்கும் தரைக் கன்ட்ரோலின் சாவியை யாரோ பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். மேலே ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பார். ஹார்னஸில் தொங்குபவருக்குக் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது. சாவி பேனலிலேயே இருக்க வேண்டும். அவசரமாக இறக்கும் பிடி சிசர் லிஃப்டில் பெரும்பாலும் அடிச்சட்டத்தில் இருக்கும். பூம் லிஃப்டில், மெயின் பவர் போனாலும் கூடையை இறக்க உதவும் துணைப் பம்பின் சுவிட்ச் தரைப் பேனலில் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். ஷிஃப்ட் தொடங்கும்போது கூடையை ஆளில்லாமல் 2 மீட்டர் தூக்கி, கீழே நிற்பவர் கையாலேயே ஒருமுறை இறக்கச் சொல்லுங்கள். யாராவது நசுங்கி மாட்டியிருந்தால், எந்தப் பக்கம் நகர்த்தினால் விடுபடுவார் என்று பார்த்த பிறகே நெம்புகோலில் கை வைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.