மார்பகம் காக்கும் அறுவை சிகிச்சை: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

மார்பகப் புற்றுநோய் என்று ரிசல்ட் வந்த அன்று வீட்டில் எழும் முதல் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: "முழுசா எடுத்துடச் சொல்லுங்க." பயத்தில் வரும் குரல் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆரம்ப நிலையில் பிடிபட்ட கட்டி என்றால், கட்டியையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தை விட்டுவைக்கும் சிகிச்சை பல பெண்களுக்குப் பொருந்தும். லம்பெக்டமி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதில் நடக்கும் தவறுகளில் நிறைய, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடக்கின்றன. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களிலும் பிந்தைய மாதங்களிலும் நோயாளியும் குடும்பமும் கவனித்தால் தடுத்துவிடக் கூடியவை அவை.

முழுதாக எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று நம்புவது

இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அகற்றினார்கள். எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதே அன்றைய எண்ணம். பல பத்தாண்டுகள் அதுதான் நடைமுறை.

1970-களில்தான் இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். இத்தாலியின் மிலானில் அறுவை நிபுணர் உம்பர்ட்டோ வெரோனேசி தலைமையில் நடந்த ஆய்வில் 701 பெண்கள் பங்கேற்றார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவின் ஆய்வு 1976-இல் தொடங்கியது. அதில் 1,851 பெண்களின் நிலையைப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு ஆய்வுகளிலும் 20 ஆண்டு பின்தொடர்ந்ததன் முடிவு 2002-இல் வெளிவந்தது. மார்பகத்தை முழுதாக இழந்தவர்களும் காத்துக்கொண்டவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்திருந்தார்கள்.

காரணம் இருக்கிறது. இந்த நோயில் உயிரைப் பறிப்பது மார்பகத்தில் இருக்கும் கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பி எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போய்விட்ட செல்கள்தான். அப்படிப் போனவற்றை மார்பகத்தை எடுப்பதால் பிடிக்க முடியாது. மருந்துகள்தான் பிடிக்க வேண்டும். முழுதாக எடுத்த பிறகும் மார்புச் சுவரில் தழும்பை ஒட்டி நோய் திரும்புவது உண்டு. அதனால் "எடுத்துவிட்டால் கவலையே இல்லை" என்பது எந்த ஆபரேஷனுக்கும் பொருந்தாது.

உறுதி செய்யாமலே கட்டியை வெட்டி எடுப்பது

"சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்" என்று அவசரமாக எடுத்துவிட்டு, அப்புறம் அது புற்றுநோய் என்று தெரிந்தால் சிக்கல் பல மடங்காகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு திசு எடுக்க வேண்டும் என்ற திட்டமே இல்லாமல் வெட்டியிருப்பார்கள். தழும்பு தேவையில்லாத இடத்தில் விழுந்திருக்கும். பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். எனவே முதலில் தடித்த ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸி, அதன் ரிப்போர்ட், இரு மார்பகத்துக்கும் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே. ஆபரேஷன் அதற்குப் பிறகுதான். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸி செய்யாவிட்டால்தான் கட்டியின் குணம் தெரியாமல் சிகிச்சை தவறான வரிசையில் போகும்.

வரிசை ஏன் முக்கியம்? கட்டி பெரிதாக இருந்தாலோ, அதன் வகை அப்படி இருந்தாலோ, சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வார்கள். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய விஷயமாகிவிடும். கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்டால் கட்டி இருந்த சுவடே தெரியாமல் போகலாம். அப்போது எந்த இடத்தைத் திறப்பது? அதற்காகத்தான் கட்டிக்குள் ஒரு குட்டி உலோகக் கிளிப்பை முன்கூட்டியே வைக்கிறார்கள். மார்பகத்தைக் காக்கும் எண்ணம் இருந்தால், கீமோ தொடங்கும் முன்பே "கிளிப் வைத்தாயிற்றா?" என்று கேளுங்கள்.

ரேடியேஷனை விட்டுவிடுவது

எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மார்பகம் காக்கும் சிகிச்சைக்கு இரண்டு பாதிகள். ஆபரேஷன் ஒன்று, அதன் பிறகு மார்பகத்துக்குத் தரும் கதிர்வீச்சு மற்றொன்று. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் மீதமுள்ள திசுவில் இருக்கலாம். அவற்றை அழிப்பதற்குத்தான் ரேடியேஷன். ஃபிஷர் குழுவின் ஆய்விலேயே இது அப்பட்டமாகத் தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 39 பேருக்கு 20 ஆண்டுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. ரேடியேஷனும் எடுத்தவர்களில் அது 100-க்கு 14 பேர்தான். பின்னர் 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வந்த ஆய்வு, ரேடியேஷன் உயிரிழப்பையும் குறைக்கிறது என்று காட்டியது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விட்டுவிடுகிறார்கள்? ஆபரேஷன் முடிந்து காயம் ஆறியதும் உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். தினமும் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும். மையம் தூரத்தில் இருக்கும். கூட வர ஆள் இருக்காது. இவை எல்லாம் நிஜமான கஷ்டங்கள். ஆகவே இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிட வேண்டும். ரேடியேஷனுக்குப் போய் வரவே முடியாது என்ற நிலை இருந்தால், டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்போது முழுதாக அகற்றுவதே அந்தப் பெண்ணுக்குச் சரியான சிகிச்சையாக இருக்கலாம். ஆனால் அதிலும் ஒன்று: அக்குள் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தால் முழுதாக எடுத்த பிறகும் ரேடியேஷன் தேவைப்படலாம். ரேடியேஷனைத் தவிர்ப்பதற்காகவே மார்பகத்தை இழந்துவிட்டு, கடைசியில் அதுவும் வேண்டும் என்று கேட்டால் மனம் உடைந்துபோகும்.

காலம் முன்புபோல் நீளமும் இல்லை. ஐந்தாறு வாரம் என்றிருந்தது இப்போது பலருக்கு 3 வாரம், 15 முறை என்று குறைந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒரே வாரத்தில் 5 முறையில் முடிக்கும் முறையும் 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுக்குப் பின் வந்துவிட்டது. தூரம்தான் பிரச்சினை என்றால் குறுகிய முறை தனக்குப் பொருந்துமா என்று கேட்டே ஆக வேண்டும்.

பயங்களும் உண்டு. மார்பகத்துக்குத் தரும் ரேடியேஷனால் தலைமுடி கொட்டாது. வெளியிலிருந்து இயந்திரம் மூலம் தரப்படுவதால் உடம்பில் கதிர்வீச்சு தங்காது. குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரலாம். தோல் சிவக்கும், கறுக்கும், களைப்பு வரும். பெரும்பாலும் அது சில வாரங்களில் அடங்கும். தோல் எரிகிறது என்று நடுவில் நிறுத்திவிடாமல் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

ரேடியேஷன் இல்லாமலே சமாளிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். 65, 70 வயதைத் தாண்டி, கட்டி சிறியதாக, அக்குளில் நோய் இல்லாமல், ஹார்மோன் ரிசெப்டார் பாசிட்டிவாக, அதாவது உடம்பின் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகையாக இருந்து, அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை (ஹார்மோன் மாத்திரை) ஒழுங்காக எடுப்பவர்களிடம் மட்டும் இந்தப் பேச்சு வரும். அவர்களிடமும் மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆயுள் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் செய்தார்கள் என்று 45 வயதில் பின்பற்றக் கூடாது.

விளிம்பைப் பற்றித் தெரியாமல் பதறுவது

எடுத்த திசுவின் மேற்பரப்பில் லேப்பில் மை பூசுவார்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக்கி, புற்றுச் செல் அந்த மையைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஊடுருவும் வகைப் புற்றுநோயில் மையில் செல் இல்லையென்றால் விளிம்பு சுத்தம் என்பது 2014 முதல் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி எதிர்பார்ப்பார்கள்.

மையில் செல் இருந்தால் இன்னொரு முறை கொஞ்சம் திசு எடுக்க வேண்டி வரும். இது அரிதான சம்பவமல்ல. முதல் டாக்டர் கெடுத்துவிட்டார் என்றோ, நோய் முற்றிவிட்டது என்றோ நினைத்து இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. எடுத்த திசு முழுவதும் லேப்புக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வெளிப்புறம் என்று நூலால் அடையாளம் இருக்க வேண்டும். அடையாளம் இல்லாவிட்டால் மீண்டும் எந்தப் பக்கம் வெட்டுவது என்றே தெரியாமல் போகும்.

பொருந்தாத இடத்திலும் பிடிவாதம் பிடிப்பது

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. "எப்படியாவது காப்பாற்றுங்கள்" என்று கேட்பது புரிகிறது. ஆனால் மேமோகிராமில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள் மார்பகம் முழுக்கச் சந்தேகமாகப் பரவியிருந்தால், தோல் முழுதும் சிவந்து வீங்கும் வகைப் புற்றுநோய் என்றால், திரும்பத் திரும்ப எடுத்தும் விளிம்பு சுத்தமாகவில்லை என்றால், இந்த முறை பாதுகாப்பு தராது. முன்பு வேறு நோய்க்காக மார்பில் ரேடியேஷன் வாங்கியிருப்பது, கர்ப்பமாக இருப்பது, தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்கள், குடும்பத்தில் பலருக்கு இளவயதில் புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை முடிவை மாற்றக் கூடியவை. கூச்சத்தாலோ மறதியாலோ இவற்றைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கட்டியின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரியில்லை. 3 செ.மீ. கட்டி பெரிய மார்பகத்தில் எளிதாக எடுக்கக் கூடியது. சிறிய மார்பகத்தில் வடிவத்தையே கெடுத்துவிடும். சுற்றியுள்ள திசுவை நகர்த்தி வடிவம் சேர்க்கும் ஆன்கோபிளாஸ்டிக் முறை இப்படிப்பட்டவர்களுக்கு உதவும். ஆபரேஷனுக்குப் பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று விட்டால், ரேடியேஷன் பட்ட திசுவில் அந்த வேலை கடினம். முன்பே கேட்பது நல்லது.

சின்ன ஆபரேஷன் என்றால் சின்ன நோய் என்று நினைப்பது

கீமோ தேவையா, ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகம் இருந்தால் தரும் ஊசி தேவையா, ஹார்மோன் மாத்திரை எத்தனை வருடம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கட்டியின் வகையும் பரவலும்தான். எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதில் சேராது. ஹார்மோன் மாத்திரை குறைந்தது 5 வருடம் என்று எழுதித் தந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருடம் நிறுத்துபவர்கள் உண்டு. மூட்டு வலி, உடம்பு திடீரென்று சூடாவது போன்ற தொந்தரவுகள் தாங்க முடியவில்லை என்றால் மாற்று மருந்து இருக்கிறது. நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள்.

கையை அசைக்காமல் வைத்திருப்பதும் வேண்டாம். அக்குளில் ஆபரேஷன் நடந்திருந்தால், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் சொன்ன நாளிலிருந்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தோள் இறுகி, ரேடியேஷன் மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல் போகும். கை வீங்கி மோதிரமோ வளையலோ இறுகினால் உடனே காட்டுங்கள்.

பிறகு கண்காணிப்பு. மார்பகம் மீதமிருப்பதால் ஒவ்வொரு வருடமும் மேமோகிராம் அவசியம், மறுபக்கத்துக்கும் சேர்த்து. தழும்பின் அடியில் கொஞ்சம் கெட்டியாக இருப்பது இயல்பு. ஆனால் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காம்பு உள்ளிழுப்பது, தோல் சுருங்குவது என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போக வேண்டும். போகும்போது ஆபரேஷன் குறிப்பு, பேத்தாலஜி ரிப்போர்ட், எந்த இடத்துக்கு எவ்வளவு ரேடியேஷன் கொடுத்தார்கள் என்ற விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பத்து வருடம் கழித்துப் பார்க்கும் புது டாக்டருக்கு அதே இடத்தில் மறுபடி ரேடியேஷன் தர முடியுமா என்று முடிவு செய்ய அந்தக் காகிதங்கள் வேண்டும்.