ஏஎம்4-லிருந்து ஏஎம்5-க்கு மாறும்போது: முதல் பூட்டில் திரை கறுத்திருந்தால் கை வைக்காதீர்கள்

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள கம்ப்யூட்டரை அடுத்த தலைமுறை ஏஎம்5-க்கு மாற்ற பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றும் புதிதாக வேண்டும். ஏஎம்5-இல் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான். பழைய டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. ரேமை இரண்டு ஸ்டிக் கிட்டாகவே வாங்குங்கள். ஏஎம்5-இன் ரைசன் 7000 பிராசஸர்களுக்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 எம்டி/எஸ், நான்கு போட்டால் 3600. கூலர், போர்டின் பின்புறம் அதோடு வரும் பின்தகட்டிலேயே (பேக்பிளேட்) மாட்டும் வகை என்றால் பழையதே போதும். தனிப் பின்தகடு கேட்கும் கூலர் சேராது, ஏஎம்5-இல் அந்தத் தகட்டைக் கழற்ற முடியாது.

கழற்றும் முன்

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் பழைய பிராசஸருக்குள் இருப்பதால், புதியதில் விண்டோஸ் அந்த ரெக்கவரி கீயைக் கேட்கும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) மோட் ‘லெகசி’ என்றிருந்தால், பழைய போர்டிலேயே டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்டில். அதற்கு முன் தயாரான பி650 போர்டுக்கு (ஒரு ஏஎம்5 போர்டு வகை) அந்தப் பிராசஸர் ஓடப் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். ஃபிளாஷ்பேக் (பயாஸை நேரடியாக அப்டேட் செய்யும்) பட்டன் உள்ள போர்டில் ஃபேட்32 பென்டிரைவும் மின்சாரமும் போதும், பிராசஸர் கூட வேண்டாம்.

பொருத்துதல்

பழைய கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூலரை மெல்லத் திருகி எடுங்கள். பேஸ்ட் இறுகிய நிலையில் நேராக இழுத்தால் பிராசஸரும் கூடவே பிய்ந்து வந்து, அதன் அடியிலுள்ள பின்கள் (ஊசிகள்) வளைந்துவிடும்.

ஏஎம்5-இல் 1718 பின்களும் சாக்கெட்டில் இருக்கின்றன. விரல் படவே கூடாது. முக்கோணக் குறியைப் பொருத்திப் பிராசஸரை வைத்தால் போதும், அழுத்த வேண்டாம். லீவரை மூடத்தான் நல்ல பலம் வேண்டும். மூடும்போது கழன்று விழும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குக் கேட்பார்கள். பிராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு. ரேம், பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) மாடுலர் கேபிளை, அதாவது கழற்றி மாட்டும் கேபிளை, மாட்டவே மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம், பாகங்கள் எரிந்துபோகும்.

முதல் பூட்

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்குங்கள். பெயர் எஃப் என முடியாத ரைசன் 7000, 9000 பிராசஸர்களுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகுங்கள்.

ஃபேன் சுற்றும், போர்டில் ரேமைக் காட்டும் டிராம் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். இங்கேதான் பலர் போர்டு போய்விட்டது என்று பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் பிராசஸர் ரேமோடு பேசும் நேரக்கணக்கைச் சோதித்துப் பழகிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். சில நிமிடம் ஆகும், ரேம் அதிகமென்றால் இன்னும் கூடும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். தானாகவே ரீஸ்டார்ட் ஆனாலும் விட்டுவிடுங்கள். 15 நிமிடம் தாண்டினால் மட்டும் அணைத்து, ஒரே ஸ்டிக்கை 2-ஆம் ஸ்லாட்டில் வைத்து, சிமாஸை கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்கை அழித்து) பாருங்கள்.

பயாஸ் தெரிந்ததும் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள், எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அதன் பிறகுதான். எக்ஸ்போ போட்டால் எஸ்ஓசி வோல்டேஜும் (பிராசஸரின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) ஏறும். 2023-இல் சில எக்ஸ்3டி பிராசஸர்கள் எரிந்த பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் வரம்பு வைத்தது. அந்த வரம்பு பழைய பயாஸில் இருக்காது. எக்ஸ்போ போட்டதும் திரை மறுபடி கறுக்கும், அதே டிரெய்னிங்தான். ஒவ்வொரு முறையும் பூட் இழுத்தால் பயாஸில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ (முந்தைய டிரெய்னிங்கையே பயன்படுத்துவது) ஆன் செய்யுங்கள். அதன்பின் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் அதை ஆஃப் செய்யுங்கள்.

முழு வேலையில் ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் 95 டிகிரி தொடுவது அவற்றின் வடிவமைப்பே. சூடு குறைய வேண்டுமென்றால் பயாஸில் 65 வாட் எக்கோ மோட் (மின்சாரத்தைக் குறைத்து ஓட்டுவது) போடலாம்.