வேலியோரம் நரம்பு ஏன் அடிக்கடி அறுகிறது?

கண்ணாடி போடு, பூட்ஸ் போடு என்பதெல்லாம் பிரஷ் கட்டரோடு, அதாவது நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் மெஷினோடு, வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அதை விடுங்கள். திறந்த இடத்தில் சுத்தமாகப் புல் வெட்டுகிறவர்கள்கூட, வேலிப் பக்கம் போனதும் ஆளுக்கு ஆள் அதே தவறுகளைச் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலியை எந்தக் கைப்பக்கம் வைத்து நடப்பது?

இதை யாரும் யோசிப்பதே இல்லை. எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்தே வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நேர்த்தண்டு பிரஷ் கட்டர்களில் பலவும், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதாவது ஹெட்டின் (நரம்புச் சுருள் இருக்கும், சுழலும் தலைப்பகுதி) முன்பக்கம் நரம்பு வலமிருந்து இடமாகப் பாயும். வேலி இடப்பக்கம் இருந்தால் அது நேரே கம்பி வலைக்குள் போய் மாட்டும், அறுபடும். வெட்டிய புல்லும் வலையிலேயே அப்பும். வேலி வலப்பக்கம் இருந்தால் நரம்பு கம்பியை ஒட்டிப் போய் விலகி வந்துவிடும், புல்லும் திறந்த பக்கம் விழும். வளைதண்டு மெஷின்களில் பல இதற்கு நேர்மாறு. சந்தேகமிருந்தால் வெட்டவெளியில் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். புல் எந்தப் பக்கம் பறக்கிறதோ, வேலி அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

உறவுக்காரப் பையன் ஒருவன் வேலியை இடப்பக்கம் வைத்தே வெட்டிக்கொண்டு போனான். நரம்பு அறுந்துகொண்டே இருந்தது. ஹெட்டைத் திறந்தால் சுருளுக்குள் நரம்பு ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தது. கம்பியில் அடிபட்டு அதிரும்போது உள்ளே உரசி ஏறுகிற சூடு அது. "இந்த நரம்பு மட்டம், மாமா" என்று 2.4 மி.மீ. நரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 3 மி.மீ. போட்டான். நீளம் போதவில்லை என்று ஹெட்டின் மேல் இருக்கும் தடுப்பு மூடியான கார்டையும் கழற்றினான். நரம்பை அளவாக நறுக்குகிற சின்ன பிளேடு அந்தக் கார்டில்தான் இருக்கிறது. அது போனதும் நரம்பு நீண்டு, சின்ன எஞ்சின் திணறி, கிளட்ச் வழுக்கி, கருகிய வாசனை வந்தது. விட்டுப்போன புல்லை வெட்டத் திரும்பி வந்தபோது வேலி தானாகவே வலப்பக்கம் வந்தது. நரம்பு அறுபடவில்லை. "பாத்தீங்களா, தடி நரம்புதான் சரி" என்கிறான்! கிளட்ச் மாற்றிய பிறகும் அவன் கட்சி அதுதான்.

ஹெட்டை வேலிக்குள் திணிப்பது

வெட்டுவது நரம்பின் நுனி மட்டுமே. மெல்ல நெருங்குங்கள். நுனி கம்பியைத் தொடும் 'டிக் டிக்' சத்தம் கேட்டதும் அந்த இடைவெளியிலேயே நடங்கள். இன்னும் நெருங்கினால் மரக்காலின் அடி குழியும், பிளாஸ்டிக் பூசிய கம்பியில் பூச்சு உரிந்து துரு பிடிக்கும். உயிர்வேலியென்றால் இன்னும் மோசம்: பட்டை சுற்றிலும் உரிந்த கன்று பட்டுப்போகும். கன்றின் அடியில் இருப்பதைக் கையால் பிடுங்கிவிடுவதே நல்லது.

வருஷக்கணக்கில் கிடந்த நரம்பு

ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஈரம் குடித்த நைலான் வளையும், சட்டென்று முறியாது.

நரம்புக்குப் பதில் கட்டுக்கம்பி

கூடவே கூடாது. அறுந்து தெறிக்கும் துண்டு தோட்டா மாதிரி.

கம்பி வேலியோரம் இரும்பு பிளேடு

கழற்றுங்கள்.

நடந்து பார்க்காமல் தொடங்குவது

வேலி கட்டியவர்கள் விட்டுப்போன கம்பித் துண்டு புல்லுக்குள் கிடக்கும். ஹெட்டில் சுற்றினால் மெஷினோடு போகும், தெறித்தால் ஆள் மேல். முதலில் மெஷின் இல்லாமல் ஒரு நடை நடந்து பொறுக்கிவிடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் 15 மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும்.

இடுப்பளவு புல்லை அடியிலிருந்து வெட்டுவது

நீளத் தாள் முழுக்க ஹெட்டில் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அப்புறம்தான் அடி.