பிரான்ஸ் கிராமத்து ஹோட்டலில் நான்கு இரவு: தோர்தோன் பள்ளத்தாக்குக்கு ஒரு செய்முறை

பாரிஸில் பழகிய வேகம் பிரான்சின் கிராமப்புறத்தில் செல்லாது. மதியம் 12 மணிக்குப் பல கடைகள் சாத்தப்படும். 2 மணிக்கு உணவகச் சமையலறை மூடும். ஞாயிறு மாலையும் திங்களும் பாதி ஊர் அடைத்துக் கிடக்கும். இந்தக் கடிகாரத்துக்கு ஏற்றபடி திட்டம் போடத் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதல் முறை போகிறவர்களுக்குத் தென்மேற்கு பிரான்சின் தோர்தோன் பள்ளத்தாக்கு தோதான இடம். கோட்டை, குகை ஓவியம், ஆறு, சந்தை எல்லாமே சர்லா நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரே ஹோட்டலில் நான்கு இரவு தங்குங்கள். தினம் ஓர் ஊர் மாறினால் பெட்டி கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

படி 1: மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே இங்கே குவிவார்கள். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை பல ஹோட்டல்கள் மூடியே இருக்கும்.

படி 2: ஹோட்டல்

இரண்டு வகை உண்டு. ஒன்று, உணவகத்தோடு கூடிய சிறிய ஹோட்டல். இன்னொன்று 'ஷாம்ப்ரு தோத்': வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறைகள், சட்டப்படி அதிகபட்சம் 5. புதியவர்களுக்கு முதல் வகையே நல்லது. இரவு சாப்பாட்டுக்கு இருட்டில் வண்டி ஓட்ட வேண்டாம். 'லோஜி' என்ற பலகை மாட்டிய ஹோட்டல்கள் பெரும்பாலும் குடும்பத்தார் நடத்துபவை.

பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- உணவகத்துக்கு எந்த நாள் விடுமுறை? அன்றைக்கு வேறெங்கே சாப்பிடலாம்?
- கட்டிலின் அகலம் எவ்வளவு? பழைய ஹோட்டல்களில் இருவர் படுக்கை 140 செ.மீ. மட்டுமே இருப்பதுண்டு. 160 கேளுங்கள், அல்லது தனித்தனிக் கட்டில் கேளுங்கள்.
- லிஃப்ட் உண்டா? பழைய கல் கட்டடங்களில் பெரும்பாலும் குறுகிய படிக்கட்டுதான். 25 கிலோ பெட்டியோடு அதில் ஏறுவது தண்டனை.
- வரவேற்பு மேசை எத்தனை மணி வரை? தாமதமானால் கதவுக்கு ரகசிய எண் தருவார்களா?

'தெமி-பான்சியோன்' என்றால் அறை, காலை உணவு, இரவு உணவு மூன்றும் சேர்ந்த கட்டணம். சைவம் சாப்பிடுபவர்கள் சமையல்காரரிடம் பேசி உறுதி செய்யாமல் இதை எடுக்க வேண்டாம். காரணம் படி 5-இல்.

அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்ப முடியாது. நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் தேவை. ஏ.சி.யும் அரிது. வெயில் காலத்தில் பகலில் மரச் சன்னல் கதவுகளைச் சாத்தி வைத்து, இரவில் திறந்துவிடுங்கள். தடித்த கல் சுவர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

படி 3: போய்ச் சேர்வதும் கார் ஓட்டுவதும்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சர்லாவுக்கு வட்டார ரயில் இருக்கிறது. ஆனால் கிராமங்களுக்கிடையே பேருந்து மிகக் குறைவு என்பதால் போர்தோவிலேயே கார் எடுப்பது மேல். ஏறத்தாழ இரண்டரை மணி நேர ஓட்டம். கியர் வண்டிதான் வழக்கம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டும், உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். உண்மையில் விபத்தில் மாட்டிவிடுவது 'வலப்பக்க முன்னுரிமை' விதி. அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் நின்று வழிவிட வேண்டும், நீங்கள் பெரிய தெருவில் போனாலும்கூட. உள்ளூர்க்காரர் திரும்பிப் பார்க்காமலே வெளியே வருவார், ஏனென்றால் சட்டம் அவர் பக்கம். மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் கறுப்புக் கோடு குறுக்கே போனால் அது முடிந்துவிட்டது.

அடுத்தது வேகம். சிவப்பு விளிம்போடு ஊர்ப்பெயர் எழுதிய வெள்ளைப் பலகையே 50 கி.மீ. வரம்பின் தொடக்கம். தனியாக 50 என்று எழுதியிருக்காது. ஊர்ப்பெயரின் குறுக்கே கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் பலகை 90 காட்டும்.

பெட்ரோல் பங்கில் 'கஸ்வால்' என்றால் டீசல். ஆளில்லாத பம்புகளில் பின் எண் உள்ள கார்டு வேண்டும். போட்ட எரிபொருளைவிடப் பெரிய தொகை தற்காலிகமாக முடக்கப்படலாம், பதற வேண்டாம்.

படி 4: மூன்று முழு நாட்கள்

*ஆற்று நாள்.* காலையில் தோம். 1281-இல் குன்றின் மேல் எழுந்த அரண் நகரம், பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விழும். பிறகு சேனாக் அல்லது வித்ராக்கில் கனோ எடுத்து ஆற்றோட்டத்தோடு இறங்குங்கள். பாறையோடு ஒட்டிய லா ரோக்-கஜாக், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூற்றாண்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற காஸ்தெல்னோ, பேனாக் கோட்டைகள் வரிசையாக வரும். வாடகைக்காரர்களே வண்டியில் திரும்ப அழைத்துவருவார்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். கைபேசியை அவர்கள் தரும் மூடி போட்ட பீப்பாயில் வையுங்கள். நல்ல மழைக்குப் பிறகு ஆறு உயர்ந்தால் கனோ ரத்தாகும், எனவே இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

*குகை நாள்.* 1940-இல் கண்டெடுக்கப்பட்ட லாஸ்கோ குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மோந்தின்யாக்கில் இப்போது பார்ப்பது 2016-இல் திறந்த முழு அளவு நகல். அசல் குகை ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் லெஸ் எசீயில் உள்ள ஃபோன்-து-கோம். நாளொன்றுக்குச் சிலரை மட்டுமே விடுகிறார்கள். விமான டிக்கெட் வாங்கிய கையோடு இதற்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மின்ரயிலில் உள்ளே போகும் ரூஃபின்யாக் குகை. உள்ளே 13 டிகிரி, ஸ்வெட்டர் அவசியம்.

*சந்தை நாள்.* சர்லாவில் சனி, புதன் காலை. 9 மணிக்கு முன் போனால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். ஞாயிறென்றால் சேன்-சிப்ரியான்.

படி 5: சாப்பாடு

இது வாத்து நாடு. உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள், பூண்டு சூப்பிலும் அது இருக்கலாம், பச்சைக் காய்கறி சாலட்டில் கோழி ஈரலோ பன்றித் துண்டோ ஒளிந்திருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "சான் வியாந்த், சான் புவாசோன், சான் க்ரேஸ் து கனார்" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு வேண்டாம். இதை முந்தைய நாளே சொல்வது முக்கியம். காளான் ஆம்லெட், ஆட்டுப்பால் சீஸ், வால்நட் கேக் எல்லாம் கிடைக்கும். முட்டையும் ஆகாதென்றால் சந்தையில் ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரவு உணவு பொதுவாக 7:30-க்கு மேல்தான். 9 மணிக்குப் பிறகு போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். எங்கே நுழைந்தாலும் முதலில் "போன்ஜூர்". அது இல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் சுருங்கும்.

படி 6: நடை

வழியில் மரத்திலும் கல்லிலும் தீட்டிய குறிகளைப் பாருங்கள்: மஞ்சள் கோடு சிறு சுற்றுப்பாதை, வெள்ளை-சிவப்பு நீண்ட தூரப் பாதை. பெருக்கல் குறி கண்டால் திரும்பிவிடுங்கள், அது தவறான வழி. 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. என்பது ஒரு கிலோமீட்டர். காட்டுக்குள் சிக்னல் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இலையுதிர் காலம் தொடங்கி பிப்ரவரி வரை வேட்டைப் பருவம், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: கிளம்புதல்

பில்லில் தலைக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாக வரும். அது ஏமாற்று அல்ல. அதிகாலை ரயில் என்றால் முந்தைய இரவே பணம் கட்டிவிடுங்கள். 6 மணிக்கு மேசையில் ஆள் இருக்க மாட்டார்கள்.