சர்க்யூட் போர்டிலேயே ஆன்டெனா வரைகிறீர்களா?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, புளூடூத் கருவிக்குத் தனி ஆன்டெனா வாங்க வேண்டியதில்லை. எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை-எப்பாக்ஸி) போர்டின் செம்புத் தடமே போதும். காற்றில் கால் அலைநீளம் சுமார் 31 மி.மீ. போர்டு அலையைச் சுருக்குவதால் தடம் அதைவிடக் குட்டையாக அமையும். எவ்வளவு என்பது போர்டுக்குப் போர்டு மாறும். எனவே முதல் மாதிரியில் 2, 3 மி.மீ. கூடுதலாக விட்டு, கத்தியால் நறுக்கிச் சரிசெய்யுங்கள். நறுக்க நறுக்க அதிர்வெண் ஏறும். குறைந்துபோனதை ஒட்டுவதுதான் தொல்லை.

பலரும் சறுக்குவது கிரவுண்டில், அதாவது சர்க்யூட்டின் பொது இணைப்பான செம்புப் பரப்பில். ஆன்டெனாவுக்கு அடியில் எந்த அடுக்கிலும் செம்பு கூடாது. ஆனால் பக்கத்தில் தாராளமாக வேண்டும், அதுதான் ஆன்டெனாவின் மறுபாதி. இடம் போர்டின் ஓரம். பேட்டரியும் திருகுகளும் தள்ளியே இருக்கட்டும்.

1.6 மி.மீ. இரண்டடுக்குப் போர்டில் 50 ஓம் மைக்ரோஸ்ட்ரிப் (சிப்பையும் ஆன்டெனாவையும் இணைக்கும், அடியில் கிரவுண்டு உள்ள தடம்) ஏறக்குறைய 3 மி.மீ. அகலம். அந்தத் தடத்தில் மேட்சிங்குக்காக, அதாவது ஆன்டெனாவை 50 ஓமுக்குப் பொருத்த, பை (π) வடிவில் மூன்று உதிரிபாகங்களுக்குப் பேட் (பற்றவைக்கும் இடம்) விடுங்கள்: ஒன்று தடத்தின் நடுவில், மற்ற இரண்டும் அதன் இருபுறமும் தடத்திலிருந்து கிரவுண்டுக்கு. தேவைப்படாவிட்டால் நடுவில் 0 ஓம் மின்தடை, மற்ற இரண்டும் காலி.

அளக்கும்போது போர்டு அதன் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் மூடி அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் கருவி) கேபிளில் ஃபெரைட் காந்த வளையம் மாட்டுங்கள், இல்லையேல் கேபிளும் ஆன்டெனாவாகி அளவீட்டைக் கெடுக்கும். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலின் அளவு) மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே நின்றால் போதும்.