பழைய வீடியோ கேமை மீண்டும் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு டிவி கேம் பெட்டியை வாங்கி வந்து, சுவரில் மாட்டிய எல்இடி டிவியில் இணைத்து, பத்து நிமிடம் ஆடிவிட்டு, “இதையா சோறு தண்ணீர் இல்லாமல் ஆடினோம்?” என்று அணைத்துவிடுகிறவர்கள், பெரும்பாலும் டிவி செய்த குற்றத்துக்கு விளையாட்டைத் தண்டிக்கிறார்கள்.

அந்த விளையாட்டுகள் 4:3 விகிதப் பெட்டி டிவிக்காக உருவானவை. 16:9 திரை முழுவதும் படத்தை இழுத்து நிரப்பினால், ஏற்கெனவே குள்ளமான மாரியோ பருத்தும் போகிறார். செட்டிங்ஸில் 4:3 என்று மாற்றிவிட்டு, இருபுறமும் விழும் கறுப்புப் பட்டையைப் பொறுத்துக்கொள்வதே சரி.

இதைவிடப் பெரிய சிக்கல் தாமதம். பழைய டிவியில் பட்டனை அழுத்தியதும் தெரிந்த தாவல், புதிய டிவி படத்தை மெருகேற்றி முடிப்பதற்குள் சில பிரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் சில தனிப்படங்கள், பிந்திவிடுகிறது. ஒரு பிரேம் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்குதான் என்றாலும், 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பள்ளத்தின் விளிம்பிலிருந்து தாவுகிறவருக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. ஆகவே டிவியில் ‘கேம் மோட்’ வசதி இருந்தால் முதலில் அதைப் போட வேண்டும். டிவியை நோக்கிச் சுட்டு ஆடும் வாத்து வேட்டை விளையாட்டின் துப்பாக்கிக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையிலுள்ள உணரி குறித்த கணத்தில் கண்டுகொள்ள வேண்டும். எல்இடி டிவியில் அந்தக் கணம் தவறிவிடுவதால், என் அக்கா மகன் திரையில் முனையை ஒட்டி வைத்துச் சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை.

கணினியிலும் செல்போனிலும் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே இயங்கும் மென்பொருள்) வழியாக ஆடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. அடிக்கு ஒருமுறை சேவ் செய்கிறார்கள். 1989-ல் வெளியான பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் இளவரசியை மீட்க 60 நிமிடங்களே உண்டு. ஒவ்வொரு தாவலையும் சேவ் செய்து திருத்திக்கொண்டே போனால், கூர்முனைகளுக்கு முன்னால் கால் தயங்கும் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? கட்டத்துக்கு ஒருமுறை சேவ் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நியாயமான சலுகை.

பழையது எல்லாம் பொன் என்று நம்புவதும் தவறுதான். தட்டையான இருபரிமாண விளையாட்டுகள் பலவும் இன்றும் கைக்கு இதமாக இருக்க, 1990-களின் பிற்பகுதியில் வந்த முப்பரிமாண விளையாட்டுகள் சிலவற்றில் கேமராவோடு மல்லுக்கட்டுவதற்கே நேரம் போய்விடுகிறது. 1996-ன் டூம் ரைடரை அண்மையில் மீண்டும் எடுத்தேன். அதன் நாயகி லாரா கிராஃப்டை லாரியைப் போல ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி அலுத்து, இரண்டாம் கட்டத்தோடு விட்டுவிட்டேன்.